இரண்டாவது கணக்கை டோட்டா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கேள்வி: அணிக்கு ஐந்து பேராக இணையத்தில் ஆடும் டோட்டா 2இல் என் ரேங்க் ஏன்ஷியன்ட், உயர்ந்த படிகளில் ஒன்று. நண்பர்கள் இப்போதுதான் ஆடக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களோடு ஆடுவதற்காகவே வேறு பெயரில் இன்னொரு கணக்கு தொடங்கினேன். சில ஆட்டங்களிலேயே எதிரணியில் கைதேர்ந்தவர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்மர்ஃப் (தேர்ந்தவர் புதியவர்போல் ஆட வைத்திருக்கும் இரண்டாவது கணக்கு) என்று கண்டுபிடித்துவிட்டார்களா? என் பழைய கணக்குக்கு ஆபத்து உண்டா? தம்பியும் இதே கணினியில்தான் ஆடுகிறான்.

பதில்: நீங்கள் புதியவர் இல்லை என்பது டோட்டாவுக்குப் புரிந்துவிட்டது. பெயரை மாற்றினாலும் கைப்பழக்கம் மாறாதே! புதிதாக வருபவர் க்ரீப்பை (விளையாட்டே இயக்கும் சிறு படைவீரர்களை) கண்டபடி அடித்துக்கொண்டிருப்பார். நீங்கள் தங்கம் தரும் கடைசி அடிக்காகக் காத்திருப்பீர்கள். சொந்த க்ரீப்பைக் கொன்று எதிரிக்குக் கிடைக்கவேண்டியதைத் தடுப்பீர்கள். நிமிடம் முடிவதற்குச் சில விநாடிகள் முன்பு காட்டு க்ரீப்புகளை வெளியே இழுத்து, அதே இடத்தில் இன்னொரு கூட்டம் பிறக்க வைப்பீர்கள். இத்தனையும் ஆட்டப் பதிவில் இருக்கிறது. இதில் எதற்கு எவ்வளவு மதிப்புத் தருகிறார்கள் என்பதை டோட்டாவை நடத்தும் வால்வ் நிறுவனம் வெளியிடுவதில்லை. வெளியிட்டால் தப்பிக்க வழி சொல்லிக்கொடுத்தது போலாகிவிடும்.

எதிரிகள் பலமாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் மதிப்பெண் கணக்கிடும் முறைதான், தண்டனை அல்ல. 2023 ஏப்ரல் முதல் டோட்டாவின் எம்எம்ஆர் (ஆட்டத் திறனுக்கான மதிப்பெண்), கிளிக்கோ என்ற தரவரிசை முறையைத் தழுவி நடக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண். அந்த மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இன்னொரு எண். புதிய கணக்கின் மீது நம்பிக்கை குறைவு என்பதால் ஒவ்வொரு வெற்றியும் மதிப்பெண்ணைத் தாவ வைக்கும். பல ஆண்டு ஆடிய கணக்கில் அதே வெற்றி சிறிதளவே நகர்த்தும். உங்களை உங்கள் இடத்துக்குச் சீக்கிரம் கொண்டுசேர்ப்பதே இதன் வேலை. நீங்கள் குழுவில் இருக்கும்வரை நண்பர்களும் அந்த எதிரிகளைச் சந்தித்தே ஆகவேண்டும்.

இதற்கு முன்னால் சில வாசல்கள் உண்டு. ரேங்க் ஆட்டத்துக்குத் தொலைபேசி எண்ணும் 100 மணி நேர ஆட்டமும் வேண்டும். ஓர் எண்ணை நீக்கினால் மூன்று மாதம் கழித்துத்தான் வேறு கணக்கில் சேர்க்கலாம். வாசலை மிக இறுக்கினாலும் தொல்லைதான். 2022இல் ஓவர்வாட்ச் 2 என்ற வேறொரு இணைய விளையாட்டு வந்தபோது ப்ரீபெய்டு எண்களை ஏற்க மறுத்தார்கள். நேர்மையான ஆட்டக்காரர்கள் பலர் வெளியே நின்றார்கள், எதிர்ப்புக் கிளம்பியதும் விதியைத் தளர்த்தினார்கள். சிம் வாங்க முடிந்தவருக்கு எந்த வாசலும் தடையல்ல என்பதால், ஆடும் விதத்தைப் பார்ப்பதையே நான் நம்புகிறேன்.

பழைய கணக்குக்கு ஆபத்து உண்டு. 2023 செப்டம்பரில் வால்வ் ஒரே அறிவிப்பில் 90,000 ஸ்மர்ஃப் கணக்குகளை நிரந்தரமாகத் தடை செய்தது. ஒவ்வொன்றின் முதன்மைக் கணக்கையும் கண்டுபிடித்துவிட்டதாகவும், இனி அதற்கும் தண்டனை வரலாம் என்றும் சொன்னது. நடத்தைப் புள்ளிகளைத் தற்காலிகமாகக் குறைப்பதிலிருந்து நிரந்தரத் தடைவரை அது போகலாம்.

உங்கள் நோக்கம் நல்லதுதான். ஆனால் எதிரணியில் இருக்கும் ஐந்து பேரையும் நினைத்துப் பாருங்கள். அவர்களும் புதியவர்கள். பாதியில் வெளியேறினால் அபராதம். அதனால் முக்கால் மணி நேரம்கூட உங்களிடம் அடிவாங்கிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கே தவறினோம் என்று தெரிந்துகொள்ளக்கூட அந்த ஆட்டத்தில் வழியில்லை. இப்படித் தோற்றுத் தோற்று விளையாட்டையே விட்டுப்போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே அந்தக் கணக்கில் இனி ஆடாதீர்கள். விற்கவும் செய்யாதீர்கள், கணக்கு விற்பதும் வாங்குவதும் தடைக்கு உரியவை. நண்பர்களோடு உங்கள் சொந்தக் கணக்கிலேயே, ரேங்க் இல்லாத ஆட்டத்திலோ சீக்கிரம் முடியும் டர்போவிலோ சேருங்கள். நடுப்பாதையான மிட்டை அவர்களுக்கு விட்டுக்கொடுத்து, எதிரி நடமாட்டத்தைக் காட்டும் வார்டு வைத்து மற்றவர்களுக்கு உதவும் சப்போர்ட்டாக ஆடுங்கள். முதல் வாரங்களில் அவர்களைப் பாட்களுக்கு (விளையாட்டே இயக்கும் எதிரிகளுக்கு) எதிராக ஆடவிட்டு, நீங்கள் பயிற்சியாளராக உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

தம்பி விஷயத்தில், ஒரே கணினியில் இருவர் ஆடுவது மட்டுமே குற்றமாகாது. பிரவுசிங் சென்டர்களில் அதுதானே நடக்கிறது. அவனுக்குத் தனிக் கணக்கும் தனி எண்ணும் இருக்கட்டும். உங்கள் கணக்கில் அவனோ அவன் கணக்கில் நீங்களோ ஆட வேண்டாம்: அவன் ரேங்கை நீங்கள் ஏற்றிக்கொடுத்தால் அதுவும் இதே விதிமீறலில்தான் சேரும்.