கள்ளு தானா பொங்குது, மட்டை ஏன் பொங்கல?

கேள்வி: 4 ஏக்கர் தென்னை இருக்குங்க. விழுற மட்டையை எல்லாம் எரிச்சேதான் தீர்க்கறேன். ஆசிட்ல ஊறப்போட்டா பெட்ரோல்ல கலக்கற எத்தனால் எடுக்கலாம்னு ஒரு வீடியோ பாத்தேன். அதே மரத்துக் கள்ளு ஒண்ணும் போடாமலே பொங்குதே, மட்டைக்கு மட்டும் எதுக்கு ஆசிட்? தோப்புலயே செய்யலாமா? - பொள்ளாச்சி வாசகர்

பதில்: கள்ளை இழுத்தீங்க பாருங்க, விஷயமே அங்கதான் இருக்கு. பாளையில சொட்டுறது சர்க்கரைத் தண்ணி, ஈஸ்ட் பட்டதும் பொங்கிடும். மட்டையிலயும் சர்க்கரை இருக்கு, ஆனா அதை செல்லுலோஸ்னு நீளச் சங்கிலியா கோத்து, மேல ஹெமிசெல்லுலோஸ், லிக்னின்னு பூசி வச்சிருக்கு மரம், அந்த லிக்னின்தான் மட்டைக்கு விறைப்பு குடுக்குது, அதை அசைக்காம, சங்கிலியை சர்க்கரையா வெட்டற என்சைம் உள்ள போகாது.

அதுக்குத்தான் ஆசிட். நீர்த்த சல்ஃப்யூரிக் ஆசிட், 1 சதவீதம் மாதிரி இருந்தா போதும், ஆனா சும்மா ஊறினா வேலைக்காகாது, 150 டிகிரிக்கு மேல பிரஷர்ல வேகணும், கூடுதலா வெந்துட்டா சர்க்கரையே ஃபர்ஃப்யூரல்ங்கற ரசாயனமா மாறி ஈஸ்ட்டைப் படுக்க வச்சிடும். ஆசிட்டுக்குப் பதிலா காஸ்டிக் சோடான்னா லிக்னின் நல்லா கழண்டு வரும், ஆனா பேப்பர் மில் தண்ணி மாதிரி கருப்பா ஒண்ணு மிஞ்சும், அதை எந்த வாய்க்கால்ல விடுவீங்க? இவ்வளவுக்கும் அப்புறம்தான் என்சைம், ஈஸ்ட், காய்ச்சி வடிக்கறது எல்லாம். லைசென்ஸ் இல்லாம வடிச்சா போலீஸ் வரும், வண்டிக்குத்தான் சார்னு சொன்னா நம்பவா போறாங்க.

பானிபட்ல இந்தியன் ஆயில் 2022ல திறந்த பிளான்ட்டோட திட்டக் கணக்கு, வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால், அதாவது டன்னுக்கு 150 லிட்டர். உங்க தோப்புல ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு வருஷம் 12 மட்டை, காஞ்சது 2 கிலோன்னு வச்சா 6.7 டன் தேறும். அதே ரேட் கிடைச்சாலும் 1,000 லிட்டர்தாங்க. அந்த பிளான்ட் உங்க ஒரு வருஷத்து மட்டையை 20 நிமிஷத்துல முழுங்கிடும். பத்து ஊர் தோப்பு சேர்ந்தாலும், மட்டை லாரியை அடைச்சுக்குமே தவிர எடை நிக்காது, வாடகையிலயே காசு போயிடும். அசாம் நுமாலிகர்ல மூங்கில்ல எடுக்கறாங்க, அங்க ஃபர்ஃப்யூரலையும் தனியா பிரிச்சு வித்துடறாங்க, அது பெரிய கம்பெனி சமாச்சாரம்.

நீங்க எரிக்கறதை மட்டும் நிறுத்துங்க. ஓலையை மெஷின்ல தூளாக்கி மண்புழு உரத்துக்குப் போடுங்க, காசர்கோடு தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க அதுக்கு முறையே வச்சிருக்காங்க. தடிச்ச அடிமட்டையை மட்டும் வெட்டி ஒதுக்கிடுங்க, அதே லிக்னின் தொல்லைதான், சீக்கிரம் மக்காது.