கடைசி ஃபிரேமில் கை நடுங்குகிறது, மாத்திரை போடலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. ஊர் காட்பாடி. ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை. ஏழு வருடமாக ஸ்னூக்கர் ஆடுகிறேன். பயிற்சியில் 50, 60 பிரேக் (ஒரே முறையில் தொடர்ந்து எடுக்கும் புள்ளிகள்) சாதாரணமாக வரும். போட்டியில் கடைசி ஃபிரேம் (ஒரு தனி ஆட்டம்), கலர் பந்துகள் மட்டும் மிச்சம் என்று வந்துவிட்டால் வலது கை நடுங்குகிறது. சுலபமான பிளாக்கைக்கூட (கருப்புப் பந்து) விட்டுவிடுகிறேன். சின்ன வயதிலிருந்தே வீசிங் (ஆஸ்துமா) உண்டு. கிளப்பில் சிகரெட் புகை பட்டால் சால்புட்டமால் இன்ஹேலர் இழுப்பேன். ‘பெரிய பிளேயர்களே இதைத்தான் போடுகிறார்கள்’ என்று நண்பர் புரொப்ரனலால் 40 மி.கி. மாத்திரை அட்டை ஒன்றைக் கொடுத்திருக்கிறார். மே மாதப் போட்டிக்குப் போடலாமா? உலகச் சாம்பியன்ஷிப் ஆடுபவர்கள் இந்தப் பதற்றத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பதில்: மாத்திரையைப் போடாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் விஷயத்தில் இது ஆட்டத்தைவிடப் பெரிய பிரச்சினை.

பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் ஒட்டிக்கொள்ளும் இடங்களை அடைப்பதுதான் புரொப்ரனலாலின் வேலை. இதயத்திலும் தசையிலும் அடைப்பதால் படபடப்பும் நடுக்கமும் குறைவது உண்மை. ஆனால் மூச்சுக்குழாயிலும் அதே போன்ற இடங்கள் இருக்கின்றன. அங்கே அடைபட்டால் குழாய் சுருங்கும். வீசிங் உள்ளவருக்கு மூச்சுத்திணறல் வரும். அந்த நேரத்தில் சால்புட்டமால் இழுத்தாலும் சரியாகக் கேட்காது. அது வேலை செய்ய வேண்டிய இடத்தைத்தான் மாத்திரை பிடித்துவைத்திருக்கிறதே. ஆஸ்துமா உள்ளவருக்கு இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் மருத்துவப் படிப்பின் தொடக்கத்திலேயே வரும் பாடம்.

பெரிய பிளேயர்கள் போடுகிறார்கள் என்பது பழைய கதை. 1980-களில் சிலர் போட்டது உண்மைதான். கனடாவின் ஆட்டக்காரர் பில் வெர்பெனியூக் என்பவருக்குக் குடும்ப வழியாக வந்த கைநடுக்கம் இருந்தது. அதை அடக்க அளவில்லாமல் பியர் குடித்தார், புரொப்ரனலாலும் எடுத்தார். பிறகு அந்த மருந்து தடைப்பட்டியலில் வந்தது. அவர் 2003-ல், 56 வயதில், இதயச் செயலிழப்பால் இறந்தார். இன்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் விதிப்படி ஸ்னூக்கர், பில்லியர்ட்ஸ் போட்டிகளின்போது இந்த வகை மருந்துகள் முழுத் தடை.

அடுத்து உங்கள் இன்ஹேலர். சால்புட்டமாலே கையை நடுங்கவைக்கும், நெஞ்சைப் படபடக்கவைக்கும். ஆட்டத்துக்குச் சற்று முன்பு இழுத்தால் அந்த நடுக்கம் சில மணி நேரம் கூடவே வரும். அதோடு காத்திருக்கும் நேரத்தில் மூன்று டீ குடித்தால் கணக்கு கூடுகிறது. உள்ளே போன காஃபினில் பாதி கழியவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். அதற்காக இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் அது தேவைப்பட்டால் உங்கள் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலர் ஆரம்பித்தால் சால்புட்டமாலின் தேவை தானாகக் குறையும், கையும் ஓரளவு அடங்கும். போட்டி விதிகளும் சால்புட்டமால் இன்ஹேலரை அனுமதிக்கின்றன: 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-க்கு மேல் கூடாது. ஒரு இழுப்பு 100 மைக்ரோகிராம் என்றால் 8 மணி நேரத்தில் 6 இழுப்பு.

சரி, பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? நடுக்கமே வராதவர்கள் என்று யாரையும் நினைக்காதீர்கள். ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்கில் 1977 முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடக்கிறது. இறுதி ஆட்டம் 35 ஃபிரேம். 18 எடுத்தவர் சாம்பியன். 1985-ல் 8-0 என்று முன்னணியில் இருந்த ஸ்டீவ் டேவிஸ், அதற்குள் மூன்று முறை சாம்பியனானவர், நள்ளிரவு தாண்டி 17-17-ல் கடைசிக் கருப்புப் பந்தைத் தவறவிட்டு டென்னிஸ் டெய்லரிடம் தோற்றார். 1994-ல் ஜிம்மி வைட் கடைசி ஃபிரேமில் 37-24 என்று முன்னால் இருந்தபோது ஸ்பாட்டில் (அந்தப் பந்துக்குரிய புள்ளி) இருந்த பிளாக்கை விட்டார். எதிராளி ஸ்டீஃபன் ஹென்ட்ரி எழுந்துவந்து ஆட்டத்தை முடித்தார். உங்களுக்கு நடப்பது அவர்களுக்கும் நடந்திருக்கிறது. நல்ல ஆட்டக்காரர் நடுக்கத்தோடேயே பந்தைப் போடப் பழகியிருக்கிறார், அவ்வளவுதான்.

கியூவின் (பந்தை அடிக்கும் கோல்) திசை ஒரே ஒரு டிகிரி பிசகினால் 6 அடி தூரத்தில் பந்து 3 செ.மீ.க்கு மேல் தள்ளிப்போகும். பந்தின் விட்டமோ 5.25 செ.மீ. ஆனாலும் பிளாக்கை நடுக்கம் கெடுப்பது குறைவு; நடுக்கத்தை அடக்க நாம் செய்யும் காரியம்தான் பெரும்பாலும் கெடுக்கிறது. பயத்தில் கியூவின் பின்பக்கத்தைப் பிடித்திருக்கும் கை (பின்கை) அதை இறுக்குகிறது. இறுகினால் மணிக்கட்டு திரும்பும், கியூ கோடு விலகும். கூடவே அவசரம் வரும்: பின்னிழுப்பு குட்டையாகும், அடி பாதியில் பிடித்துக்கொள்ளும், பந்து எங்கே போகிறது என்று பார்க்கத் தலை முன்கூட்டியே எழும்பும். அடுத்த முறை யாரையாவது செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இந்த நான்கில் குறைந்தது இரண்டு தெரியும்.

அதனால் முடிவெல்லாம் நின்றுகொண்டே எடுக்க வேண்டும். வெள்ளைப் பந்துக்குப் பின்னால் நின்று, கியூ நுனியில் சாக் (சுண்ணக்கட்டி) தேய்க்கும்போதே எந்தக் கோடு, எவ்வளவு வேகம், வெள்ளை எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானியுங்கள். நீளமாக ஒரு மூச்சை வெளியே விட்டுவிட்டு அந்தக் கோட்டின் மேலேயே குனியுங்கள். பிரிட்ஜ் கையின் (மேசையில் ஊன்றி கியூவைத் தாங்கும் முன்கை) விரல்நுனிகளையும் உள்ளங்கை அடியையும் மேசைத் துணியில் நன்றாக அழுத்துங்கள். கியூ முகவாயைத் தொடட்டும், நெஞ்சையும் தொடட்டும். பிரிட்ஜ், முகவாய், நெஞ்சு, பின்கை என்று நான்கு இடத்தில் பிடிமானம் கிடைத்தால் நடுக்கம் கியூவுக்குப் போவது வெகுவாகக் குறையும். பின்கையில் சிட்டுக்குருவியைப் பிடிக்கும் அளவு பிடி போதும். மூன்று அல்லது நான்கு முறை முன்னும் பின்னும் ஓட்டுங்கள்; எண்ணிக்கை எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கடைசியில் கியூ நுனியை வெள்ளைக்கு அருகே நிறுத்தி, குழியில் போட வேண்டிய பந்தின் அடிபடும் புள்ளியில் கண்ணை வையுங்கள். தேர்ந்த ஆட்டக்காரர்களின் கண் இந்த இடத்தில்தான் மற்றவர்களைவிட நீண்ட நேரம் அசையாமல் நிற்கும். மெதுவாகப் பின்னிழுத்து, ஒரு நொடிப்பொழுது தாமதித்து, அடித்து, பந்து குழியில் விழும் சத்தம் வரும்வரை தலையைத் தூக்காதீர்கள். குனிந்த பிறகு சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் எழுந்து நின்று முதலிலிருந்து ஆரம்பியுங்கள். பெரிய ஆட்டங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

எதிராளி பிரேக் போடும்போது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரம் இதைவிடக் கஷ்டமானது. மூக்கால் 4 நொடி இழுத்து 6 நொடி விடுங்கள், 10 தடவை. விடும் மூச்சு நீளமாக இருந்தால் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு இறங்கும். தோளைத் தளர்த்தி, விரல்களை விரித்து மடக்குங்கள். மே மாத வேலூர் வெயிலில் பிரிட்ஜ் கை வியர்த்தால் கியூ வழுக்காது, ஒட்டும்; சின்னத் துண்டு மடியிலேயே இருக்கட்டும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஆம்பூர் பிரியாணியை ஆட்டம் முடிந்து சாப்பிடலாம்; இரண்டு மணி நேரம் முன்னால் நான்கு இட்லி போதும். வெறும் வயிறும் கையை நடுங்கவைக்கும்.

படபடப்போடு அடித்துப் பழகவும் வேண்டும். வள்ளிமலைப் படி ஏற வேண்டாம். கிளப் மாடிப்படியை நான்கு முறை வேகமாக ஏறி இறங்கினால் போதும். நாடித்துடிப்பு 120 பக்கம் இருக்கும்போதே ஸ்பாட்டில் பிளாக்கை வைத்துத் தொடர்ந்து 10 போடுங்கள். ஒன்று தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. வாரம் மூன்று நாள். உழைப்பில் வீசிங் வருகிறதென்றால் ஆஸ்துமா கட்டுப்பட்ட பிறகே இதைத் தொடங்குங்கள்.

மனத்துக்கு உதவி கேட்பதிலும் தவறில்லை. ரோனி ஓ’சல்லிவன் 2011-ல் ஸ்டீவ் பீட்டர்ஸ் என்ற மனநல மருத்துவரை நாடினார். 2012, 2013 இரண்டு வருடமும் உலகப் பட்டம் எடுத்தார்.

ஒரு விஷயத்தைக் கேட்க வேண்டும். வீட்டில் டீ டம்ளரைப் பிடிக்கும்போதும், கையெழுத்துப் போடும்போதும் கை ஆடுகிறதா? அப்பா, அம்மா யாருக்காவது அப்படி உண்டா? உடல் மெலிகிறதா, சும்மா இருக்கும்போதே நாடி 100-ஐத் தாண்டுகிறதா? ஒன்றுக்காவது ஆமாம் என்றால் தைராய்டு ரத்தப் பரிசோதனையும் நரம்பியல் மருத்துவரின் பார்வையும் தேவை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். ஆஸ்துமாவுக்கும் அங்கேயே காட்டிவிடுங்கள்.

நண்பர் கொடுத்த அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஒன்று போட்டுப் பார்த்து, மூச்சு இறுகினால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். போனதும் முதல் வார்த்தையாக ‘புரொப்ரனலால் போட்டேன்’ என்று சொல்லுங்கள். அதை வைத்துத்தான் அங்கே மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள்.