விழுங்கிய சளி நெஞ்சுக்குப் போவதில்லை

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "மகனுக்கு ஆறு வயது. மூக்கைச் சிந்தத் தெரியாமல் சளியை உறிஞ்சி உறிஞ்சி விழுங்கிவிடுகிறான். அது வயிற்றில் சேர்ந்து நெஞ்சுக்கு ஏறிப் பீனிசமாகிவிடும் என்று மாமி சொல்கிறார். எனக்கும் காலையில் தொண்டைக்குள் சளி இறங்குகிறது. மாமாவும் ஒரு மாதமாக இருமி இருமிச் சளி துப்புகிறார், அவரிடமிருந்துதான் எங்களுக்கு வந்ததோ தெரியவில்லை. ஹட்டனில் ஒருவர், பிள்ளையைக் கண்டிக்குக் கூட்டிப்போய் நெற்றியை ஸ்கேன் எடுத்து, மூக்கைக் கழுவிச் சளியை எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். வேன் கூலியோடு 30,000 ரூபாய். காதுத் தோட்டை அடகு வைத்தாவது போகலாமா?"

அடகு வைக்க வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகன் செய்வது தப்பே இல்லை. மூக்கும் அதைச் சுற்றியுள்ள எலும்பறைகளும் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் சளியைச் சுரக்கின்றன. உங்களுக்கும் எனக்கும் அப்படித்தான். அதில் பெரும்பகுதியை நாம் நாள் முழுக்க, தூக்கத்திலும்கூட, தெரியாமலே விழுங்கிக்கொண்டிருக்கிறோம். தடிமன் பிடித்துச் சளி கெட்டியாகும்போதுதான் அது கண்ணுக்குப் படுகிறது, அருவருப்பும் வருகிறது.

மூச்சோடு உள்ளே போகும் தூசி, புகை, கிருமி எல்லாம் அந்தப் பசையில் ஒட்டிக்கொள்ளும். மூக்கின் உட்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருக்கின்றன. கொழுந்துச் சாக்கைக் கை மாற்றிக் கை மாற்றி லொறிக்கு ஏற்றுவதுபோல அவை சளியைப் பின்பக்கமாகத் தள்ளித் தொண்டைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். முன் மூக்கில் இருந்த சளி தொண்டைக்கு வந்து சேர 10, 20 நிமிடம் போதும். விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்வதால் அது உணவுக்குழாய் வழியாக வயிற்றுக்குத்தான் போகும், நெஞ்சுக்குப் போகாது. வயிற்றில் இருக்கும் அமிலம் பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். மிச்சம் சோற்றோடு சோறாகச் செரித்துவிடும். வயிற்றில் எதுவும் தேங்கிக் கிடப்பதில்லை. தடிமன் அதிகமான இரவில் சில பிள்ளைகள் இருமி, விழுங்கிய சளியை வாந்தியாக எடுப்பார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் எடுத்தபின் பிள்ளை சுகமாகத் தூங்கிவிடும்.

அப்போ பீனிசம் எப்படி வருகிறது? கன்னத்துக்குள், கண்களுக்கு நடுவே, நெற்றியில், மூக்குக்குப் பின்னால் என்று காற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூக்குக்குள் திறக்கும் சின்ன வாசல் உண்டு. தடிமனாலோ, தூசி புகை ஒவ்வாமையாலோ அந்த வாசல் வீங்கி அடைத்துக்கொண்டால் சளி உள்ளே தேங்கிவிடும். தலை கனக்கும், கன்னம் வலிக்கும், வாசனை தெரியாது. வெளியே வர வழியில்லாத சளியால் வருவதுதான் பீனிசம். தொண்டைக்கு வந்து விழுங்கப்பட்ட சளி ஏற்கனவே வழி கண்டுபிடித்த சளி. அதைப் பற்றி மாமி கவலைப்படத் தேவையில்லை.

இனி அந்த ஹட்டன்காரர். ஆறு வயதுப் பிள்ளைக்கு நெற்றியறை அப்போதுதான் உருவாகத் தொடங்கியிருக்கும், சில பிள்ளைகளுக்கு அதுகூட இருக்காது. இல்லாத அறையில் சளி இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எதற்கு? மூக்கடைத்த பிள்ளையை ஸ்கேன் எடுத்தால் மற்ற அறைகளில் எப்படியும் கொஞ்சம் வீக்கம் தெரியும், சாதாரணத் தடிமனிலேயே தெரியும். அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "இதோ பாருங்கள், எவ்வளவு சளி!" என்று காட்டி அடுத்த 30,000 கேட்பார்கள். சத்திரசிகிச்சைக்குத் திட்டமிடும்போது, அல்லது கண்ணுக்கோ மூளைக்கோ நோய் பரவியிருக்கும் என்று சந்தேகம் வரும்போது டொக்டர்களான நாங்கள் ஸ்கேன் கேட்போம். அதையும் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே எழுதிக் கொடுப்போம். தோட்டத்தில் எவருக்குச் சம்பளம் வந்தது, எவர் வீட்டில் நகை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வேன் பிடித்து ஆள் சேர்க்கிறவருக்கு உங்கள் மகனின் மூக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. முற்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

"கழுவி எடுப்பது" என்ற பேச்சும் எனக்குக் கோபமூட்டுகிறது. பேர் ஒட்டாத போத்தலில் விற்கும் சொட்டுமருந்துகளைப் பார்த்திருப்பீர்கள். மூக்கில் விட்டதும் எரியும், அரை மணி நேரம் தண்ணீராகக் கொட்டும். பழைய சளி எல்லாம் வெளியேறுகிறது என்பார்கள். அது பழைய சளி இல்லை. காரம் பட்டால் கண்ணில் நீர் வரும் அதே காரணத்தால், எரிச்சல் தாங்காமல் மூக்கு புதிதாகச் சுரக்கும் நீர். நுண்மயிர்கள்தான் உங்கள் பிள்ளையின் மூக்கை இலவசமாகக் கழுவிக்கொண்டிருக்கின்றன, அவற்றைப் பொசுக்கக் காசு கொடுக்காதீர்கள்.

பாமசிக்காரர்களையும் சொல்ல வேண்டும். சளி பச்சையாக இருக்கிறது என்று சொன்னதும், டொக்டர் துண்டு இல்லாமலே அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக் கெப்சூல் ஆறை எண்ணிக் கடதாசியில் மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பச்சை நிறம் கிருமியின் நிறமில்லை. நோயோடு சண்டைபோட வந்த வெள்ளையணுக்களுக்குள் இருக்கும் ஒரு பொருளின் நிறம். வைரஸ் தடிமனிலும் மூன்றாம் நான்காம் நாளில் சளி பச்சையாகும், பிறகு தானாகத் தெளியும். அந்த அன்டிபயோட்டிக் வைரசை ஒன்றும் செய்யாது. பத்து நாளாகியும் கொஞ்சமும் குறையாவிட்டால், குறைந்துவந்தது திடீரென்று கூடினால், அல்லது தொடக்கத்திலேயே கடுங்காய்ச்சலோடு சீழ்ச்சளி மூன்று நான்கு நாள் விடாமல் வந்தால், அப்போது டொக்டரிடம் காட்டி முறையாகக் குடிக்க வேண்டும். இரண்டு நாள் குடித்துவிட்டு மிச்சத்தை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதெல்லாம் கூடாது. சின்னப் பிள்ளைக்கு வருடத்தில் ஆறு, எட்டுத் தடவை தடிமன் வருவது சாதாரணம்.

டிஸ்பென்சரிக்குப் போனால் எந்தச் சளிக்கும் ஒரே மாத்திரை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். தெரிந்துதான் சொல்கிறேன். ஒரு நாள் சம்பளத்தை இழந்து, இரண்டு பஸ் மாறி, கிளினிக் நம்பருக்கு விடியற்காலையிலிருந்து காத்திருந்து, இரண்டு நிமிடம் பார்த்து அனுப்பப்படும் ஒரு தாய் பாமசிக்கும் வேன்காரரிடமும் போவதில் ஆச்சரியம் என்ன? காது மூக்கு தொண்டை நிபுணர் மாதம் ஒரு முறையாவது தோட்டப்புற ஆஸ்பத்திரிகளுக்கு வந்தால் இந்த வியாபாரத்தில் பாதி படுத்துவிடும். எத்தனை கூட்டங்களில் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

சரி, வீட்டில் செய்யக்கூடியதைப் பார்ப்போம். மகனுக்குச் சிந்தப் பழக்குங்கள். மேசையில் ஒரு சின்னக் கடதாசித் துண்டை வையுங்கள். வாயை மூடி, ஒரு மூக்குத் துவாரத்தை விரலால் அடைத்து, மற்றதால் ஊதி அதை நகர்த்தச் சொல்லுங்கள். இரண்டு நாளில் பழகிவிடுவான். ஒரு நேரத்தில் ஒரு துவாரம், அதுவும் மெதுவாக. இரண்டையும் பிடித்துக்கொண்டு பலமாகச் சிந்தினால் சளி காதுப் பக்கம் தள்ளப்படும். சிந்தப் பழகும்வரை விழுங்கட்டும்.

உப்புத் தண்ணீர் நல்லது, உங்களுக்கும் உதவும். கால் லீற்றர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை அப்பச்சோடா. தண்ணீர் கட்டாயம் கொதித்து ஆறியதாக இருக்கவேண்டும். பீலித் தண்ணீரை அப்படியே மூக்கில் விடவே கூடாது. குடித்தால் ஒன்றும் செய்யாத ஒருவகை அமீபா மூக்கு வழியாகப் போனால் மூளையைத் தாக்கும். அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். நம் உயரத்தில் தண்ணீர் நூறு பாகைக்கு முன்னமே கொதித்துவிடும் என்பதால் கொதி வந்தபின் மூன்று நிமிடம் விடுங்கள். பிள்ளையை ஆவி பிடிக்க வைக்காதீர்கள், கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகளை வார்டில் பார்க்கிறோம். தைலம் பூசினால் மூக்கு திறந்ததுபோல ஒரு குளிர்ச்சி தெரியும், உண்மையில் அடைப்பு அப்படியே இருக்கும். அடைப்பு நீக்கும் சொட்டுமருந்தை ஐந்து நாளுக்கு மேல் விட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

உங்கள் தொண்டையில் இறங்கும் சளிக்கு அடுப்பைத்தான் முதலில் சந்தேகிப்பேன். லயத்தில் புகை போக வழியில்லாத குசினியில், ஈர விறகோடு விடியற்காலையில் நிற்கிறீர்கள். புகை நுண்மயிர்களை மந்தமாக்கும், சளி கெட்டியாகும். விறகை நன்றாகக் காயவைத்து எரியுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், வெயில் கண்ட நாளில் கம்பளிகளை வெளியே போடுங்கள். காலையில் விடாமல் தும்மலும் வருகிறது என்றால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்கு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே இருக்கிறது, டொக்டர் சொல்லும் காலம்வரை தினமும் அடித்தால்தான் பலன். கண்ணைச் சுற்றி வீங்கினால் மட்டும் யோசிக்காமல் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

இவ்வளவையும் எழுதிவிட்டாலும், உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்ட வரி மகனைப் பற்றியதல்ல, மாமனாரைப் பற்றியது. ஒரு மாதமாக இருமிச் சளி துப்புகிறார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். மூக்கிலிருந்து இறங்கும் சளி வேறு, நெஞ்சிலிருந்து இருமி வரும் சளி வேறு. நான் மேலே "விழுங்கலாம், பயமில்லை" என்று சொன்னதெல்லாம் மூக்குச் சளிக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், வயது எதுவானாலும், காரணம் பீடியோ வெற்றிலையோ பனியோ என்று வீட்டிலேயே முடிவுகட்டாமல், சளியைப் பரிசோதிக்க வேண்டும். காசநோய், பெரியவர்கள் சயரோகம் என்பார்களே, அது நம் லயங்களில் இன்னும் இருக்கிறது. ஒரே அறையில் ஐந்தாறு பேர் கதவடைத்துப் படுக்கும் வீட்டில் அது எச்சிலாலோ பாத்திரத்தாலோ அல்ல, இருமும் காற்றாலேயே பரவும். மெலிவு, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, சளியில் இரத்தம் இருந்தால் சந்தேகம் கூடும். அவை எதுவும் இல்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அவர்களுக்கு நெஞ்சுச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். காசநோய்க் கிருமி வயிற்று அமிலத்தையும் தாங்கக்கூடியது. அதனால்தான் சந்தேகமுள்ள பிள்ளையின் வயிற்று நீரை விடியற்காலையில், சாப்பிடுமுன் எடுத்துப் பரிசோதிக்கிறோம். உங்கள் மகனுக்கு இப்போது அது தேவையில்லை. தேவையா என்பது மாமனாரின் சளியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆகவே இந்த வாரமே அவரைக் கிட்டத்திலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். "எத்தனை வாரமாக இருமல்" என்பதை நீங்களே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் இருமல் பாணியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சளிப் பரிசோதனை கேளுங்கள், தட்டிக்கழித்தால் மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு நேரடியாகப் போங்கள். போத்தல் கொடுத்தால், காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுத்ததை அதில் பிடிக்கச் சொல்லுங்கள். எச்சிலைத் துப்பினால் பரிசோதனை வீண். நோய் இருந்தால் ஆறு மாத மருந்து, முழுவதும் இலவசம். மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே மற்றவர்களுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை அவர் துணியால் வாயை மூடி இருமட்டும், பிள்ளை அவரோடு ஒரே பாயில் படுக்க வேண்டாம், ஜன்னல் இரவிலும் கொஞ்சம் திறந்திருக்கட்டும்.