பழைய சிங்கி இறால் டப்பா லேபிள்களில் எப்போதும் பெரிய சிவப்பு இறால்தான் இருக்கிறதே, ஏன்?

அமெரிக்காவிலும் கனடாவிலும் வந்த பழைய லேபிள்களைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சிவப்புக்குக் காரணம் எளிது. அட்லாண்டிக் சிங்கி இறால் உயிரோடு இருக்கையில் கரும்பச்சையாகத்தான் இருக்கும். வெந்நீரில் போட்டதும், ஓட்டிலுள்ள புரதத்தோடு ஒட்டியிருந்த அஸ்டாசாந்தின் என்ற நிறமி விடுபட்டுச் சிவக்கிறது. டப்பாவில் போவது வெந்த சதை, அதனால் படமும் வெந்த இறாலின் படம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வண்ணக் கல்லச்சு பரவியதும் அச்சகங்கள் அந்தச் சிவப்பை அள்ளிப் பூசின.

எனக்கு உறுத்துவது அளவுதான். 1840களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தின் ஈஸ்ட்போர்ட்டில் இறாலை டப்பாவில் அடைக்கும் தொழில் ஆரம்பித்தபோது ஒவ்வொன்றும் இரண்டு கிலோ எடையுள்ள இறால்கள் சாதாரணமாகக் கிடைத்தன. 1880 வாக்கில் கால் கிலோகூடத் தேறாத குட்டிகளையும் உடைத்து அடைத்தார்கள். பெரியவை உயிரோடு விற்கும் சந்தைக்குப் போயின, அங்கே விலை அதிகம். லேபிளில் இருந்த இறால் மட்டும் இளைக்கவே இல்லை. டப்பாவைத் திறந்தாலும் இது தெரியாது, உள்ளே ஓடு நீக்கிய வாலும் கொடுக்குச் சதையும்தானே இருக்கும்!

வேலை கடுமையானது. சதையை எடுத்து அடைப்பது பெரும்பாலும் பெண்கள். தகரத்தில் நேராகப் பட்டால் சதை கறுத்துவிடும் என்று உள்ளே பார்ச்மென்ட் காகிதம் விரிப்பார்கள். மூடியை ஈயத்தால் பற்றவைத்து டப்பாவோடு வேகவைப்பார்கள். அப்புறம் சிறு துளையிட்டுக் காற்றை வெளியேற்றி, துளையை அடைத்து, மறுபடி வேகவைப்பார்கள்.

மெய்ன் அரசு விழித்துக்கொண்டது தாமதமாகத்தான். 1879இல் ஏப்ரல் முதல் ஜூலை வரை மட்டுமே டப்பாவில் அடைக்கலாம் என்றது. 1895இல் பத்தரை அங்குலத்துக்குக் குறைந்ததைப் பிடிக்கவே கூடாது என்று சட்டம் வர, அங்கே தொழில் முடிந்தது. முதலாளிகளுக்குப் பெரிய நஷ்டமில்லை. போர்ட்லாண்ட் பேக்கிங் கம்பெனி போன்றவை அதற்கு முன்பே கனடாவின் கிழக்குக் கரையில் ஆலைகளைத் திறந்து, அங்குள்ள குட்டிகளையும் காலி செய்யத் தொடங்கியிருந்தன.

லேபிள் சேகரிக்கிறீர்கள் என்றால் படத்தை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தைப் படியுங்கள். இறக்குமதிப் பொருளில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்க விதி 1891இல் அமலுக்கு வந்தது. அமெரிக்கச் சந்தைக்கான லேபிளில் 'கனடா' என்று இருந்தால், அது பெரும்பாலும் அதற்குப் பிந்தியது.