காலிப் பெட்டியும் பூஜ்யமும்

அன்புள்ள ஐயா,

எங்கள் கடைக் கணக்குக்காக ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் சிறிய இணையப் பக்கம் ஒன்று எழுதுகிறேன். இரண்டு பெட்டிகளில் 5, 3 என்று இட்டுக் கூட்டினால் 53 வருகிறது. கழித்தால் மட்டும் சரியாக 2 வருகிறது. நண்பர் ஒருவர், எழுத்தை முழு எண்ணாக்கும் ‘பார்ஸ்இன்ட்’ என்ற கட்டளையைப் போடச் சொன்னார். போட்டதும் 8 வந்துவிட்டது. இதுவே போதுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. பெட்டியில் எதைத் தட்டினாலும் அதன் மதிப்பு நம் கைக்கு ஸ்ட்ரிங்காகத்தான், அதாவது எண்ணாக அல்லாமல் வெறும் எழுத்துகளின் வரிசையாகத்தான், வந்து சேரும். கூட்டல் குறிக்கு அந்த மொழியில் இரண்டு வேலை: எண்களைக் கூட்டும், ஸ்ட்ரிங்குகளை ஒட்டும். இரண்டில் ஒன்று ஸ்ட்ரிங்காக இருந்தாலே ஒட்டிவிடும். கழித்தல் குறிக்கு ஒட்டும் வேலை கிடையாது. அதனால் இரண்டையும் தானே எண்ணாக்கிக்கொள்கிறது.

‘பார்ஸ்இன்ட்’ இடமிருந்து படித்துக்கொண்டே போய், எண்ணில் சேராத எழுத்தைக் கண்டதும் நின்றுவிடும். உங்கள் கடையில் யாராவது 1,25,000 என்று கமா போட்டு எழுதினால் கிடைப்பது 1. ஒன்றேகால் லட்சம் ஒரு ரூபாயாகிவிடும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல்! 49.50 என்றால் பைசா போய்விடும். எண்ணாக்கும் இன்னொரு கட்டளையான ‘நம்பர்’ ஃபங்ஷனோ முழு ஸ்ட்ரிங்கையும் பார்க்கிறது. கமா இருந்தால் ‘எண் அல்ல’ என்று பொருள்படும் ‘நேன்’ தருகிறது. விலைக்கு இதையே பயன்படுத்துங்கள்.

ஆனால் காலிப் பெட்டியை ‘நம்பர்’ 0 ஆக்கிவிடும். வெறும் இடைவெளி இருந்தாலும் 0தான். விலை எழுத மறந்த சரக்கு இலவசமாகவே பில்லில் ஏறிவிடும். ‘நேன்’ வந்தால் திரையில் பளிச்சென்று தெரியும், யாராவது கேட்பார்கள். இந்தப் பூஜ்யத்தை யாரும் கேட்கமாட்டார்கள். எனக்கு அதன்மேல்தான் பயம் அதிகம். ஆகவே முன்பின் இடைவெளிகளை நீக்கி, காலியா என்று முதலில் பாருங்கள். கமாக்களை எடுத்துவிட்டு ‘நம்பர்’ போடுங்கள். வந்தது முறையான எண்தானா என்று ‘நம்பர்.இஸ்ஃபைனைட்’ கொண்டு சோதியுங்கள். ‘நேன்’ வந்திருக்கிறதா என்று சமக்குறி போட்டுப் பார்க்காதீர்கள், அது தனக்குத்தானே சமமில்லை. இவ்வளவையும் பெட்டியிலிருந்து மதிப்பை எடுக்கும் இடத்திலேயே முடித்துவிட்டால், பிறகு எங்கே கூட்டினாலும் 53 வராது.

வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் மட்டும் இப்படி எண்ணாக மாற்றவே வேண்டாம். முன்னால் உள்ள பூஜ்யம் உதிர்ந்துவிடும். 9007199254740991க்கு மேல் போனால் கடைசி இலக்கங்களும் பிசகலாம். அவற்றை யாரும் கூட்டிப் பார்க்கப்போவதில்லை, ஸ்ட்ரிங்காகவே இருக்கட்டும்.