வீல்சேரில் காடு பார்க்கலாமா? காரைக்குடியிலிருந்து கேள்வி பதில்

எனக்குச் சின்ன வயசிலேயே போலியோ. முப்பது வருஷமா வீல்சேர். ஆனாலும் வருஷத்துக்கு ஒரு காடாவது பார்த்துடுவேன். நம்ம பக்கத்து ஆட்கள் கேட்டதுக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

தேவகோட்டை: அப்பச்சிக்கு 78 வயசு, பக்கவாதம். முதுமலை பார்க்கணும்கிறாங்க. சஃபாரி ஏற முடியுமா?

சஃபாரிக்கு வனத்துறை வண்டிதான், சொந்த வண்டியை விடமாட்டாங்க. ஆளைத் தூக்கித்தான் ஏத்தணும். நானா இருந்தா சஃபாரியை விட்டுடுவேன். ஊட்டி–மைசூர் ரோடே முதுமலைக்குள்ளதான் போகுது. காலையிலே சொந்தக் காரில் மெதுவாப் போங்க. ரோட்டோரமே மானும் அதிர்ஷ்டம் இருந்தா யானையும் நிற்கும். வழியில நிறுத்தவோ இறங்கவோ கூடாது. அப்பச்சிக்கு முன்சீட்டைக் கொடுங்க. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழி வேண்டாம், 36 கொண்டை ஊசி வளைவு. கூடலூர் வழியாப் போங்க.

பள்ளத்தூர்: போன்ல "எல்லா வசதியும் இருக்கு சார்"ங்கிறாங்க. போனா ஒண்ணும் இல்லை.

"வசதி இருக்கா"ன்னு கேட்டா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. ஒரு மலையூர் விடுதியில நானும் இப்படித்தான் ஏமாந்தேன். வாசல்ல அழகா சாய்தளம் போட்டிருந்தாங்க. கக்கூஸ் கதவு அகலம் 22 அங்குலம், என் நாற்காலி 25. ரெண்டு நாள் நான் பட்டதை இங்கே எழுத முடியாது. இப்பல்லாம் படி எத்தனை, கதவு எத்தனை அங்குலம்னு கேட்பேன். டேப் வச்சுப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுவேன். சலிச்சுக்கிட்டாலும் அனுப்பிடுவாங்க. சாய்தளத்துக்கும் கணக்கு உண்டு: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். நம்ம வீட்டு முகப்பு மூணடி உயரம்னா 36 அடி வேணும். ஆறடிப் பலகையைக் கார்ல போட்டுட்டுப் போனா அரையடிப் படிக்குத்தான் ஆகும்.

காரைக்குடி, ஒரு அம்மா: மகனுக்கு ஆட்டிசம், ஒன்பது வயசு. தீபாவளின்னா காதைப் பொத்திக்கிட்டு அழறான். எங்கே கூட்டிட்டுப் போறது?

தூரமே போக வேண்டாம் ஆச்சி. திருப்பத்தூர் தாண்டி மேலூர் ரோட்டில வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977-லிருந்து சரணாலயம். அங்கே கொள்ளுகுடிப்பட்டி ஜனங்க பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி போடறதில்லை. உங்க பிள்ளைக்கு அந்த ஊரை விட்டா வேற ஊர் ஏது! நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் நத்தைகுத்தி நாரை, வக்கா, நீர்க்காகம் எல்லாம் இருக்கும். மழை பெய்யாத வருஷம் கண்மாய் காஞ்சிருக்கும், உள்ளூர்ல விசாரிச்சுட்டுக் கிளம்புங்க. வீல்சேர்ல வர்றவங்களுக்கு ஒண்ணு: ஈரமண்ணுல முன்சக்கரம் புதைஞ்சுடும். நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமா இழுக்கச் சொல்லுங்க.

கானாடுகாத்தான்: கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு நாலு வருஷம் ஆச்சு. வெயில்ல போகலாமா?

கழுத்துல அடின்னா கீழே வேர்க்காது, உடம்பு சூட்டை இறக்கத் தெரியாது. ஈரத்துண்டு, தண்ணி ஸ்ப்ரே கையிலேயே இருக்கணும். மதியம் வெளியே வேண்டாம். கரடுமுரடான ரோட்டில குஷன் இல்லாம உட்காரவே கூடாது. அரை மணிக்கொரு தடவை பாரத்தை மாத்தி உட்காருங்க. உட்கார்ந்த இடத்துல அழுத்திப் புண்ணு வந்தா மாசக்கணக்கில படுக்கைதான். டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

புதுவயல்: ரயில்ல சலுகை?

துணையில்லாமப் போக முடியாத கைகால் குறைபாட்டுக்கு ஸ்லீப்பர், மூணடுக்கு ஏசியில 75 சதவீதம். கூட வர்ற ஒருத்தருக்கும் அதே. ரயில்வே சான்றிதழை முன்னாடியே வாங்கிடுங்க.

கோட்டையூர்: எனக்குப் பார்வை இல்லை. காட்டுல எனக்கு என்ன இருக்கு?

விடியறதுக்கு அரை மணி முன்னாடி வேட்டங்குடிக் கரையில போய் உட்காருங்க. கூடு கூடா முழிச்சுக் கத்த ஆரம்பிக்கும். கூட வர்றவர் வாயை மூடிக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான்.

செட்டிநாடு: நீங்க அடுத்து எங்கே?

ராஜஸ்தான் பரத்பூர், கேவலாதேவ் தேசியப் பூங்கா. சமதளம், உள்ளே ரிக்‌ஷா ஓடுது, ஓட்டுறவங்களே பறவை காட்டுவாங்க. ரிக்‌ஷாவுக்கு மாறி உட்கார எனக்கு ரெண்டு ஆள் வேணும். தம்பி மகன் வர்றான், இன்னொருத்தரைத் தேடிக்கிட்டிருக்கேன்.