ஒரு அடி அடித்தால் இரண்டு கேட்கிறதே!

கேள்வி: டிரம்ஸ் பதிவின் ஸ்நேர் டிராக்கில் டிரிகர் பிளக்இன் (அடி விழும்போதெல்லாம் ஏற்றிவைத்த ஒலியை ஒலிக்கவைக்கும் மென்பொருள்) போட்டு வேறொரு ஸ்நேர் சாம்பிள் ஏற்றியிருக்கிறேன். சில இடங்களில் ஒரு அடிக்கு இரண்டு ஒலிக்கிறது, ஹை-ஹாட் (ஜோடித் தட்டு) அடித்தாலும் ஸ்நேர் வருகிறது. த்ரெஷோல்டை (எவ்வளவு சத்தம் வந்தால் அடியாக எடுக்க வேண்டும் என்ற அளவை) ஏற்றினால் மெதுவான அடிகள் காணாமல் போகின்றன. அசல் ஒலியோடு சேர்த்துக் கேட்டால் சத்தமே மெலிந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த டிராக்கில் பிளக்இன் எத்தனையாவதாக இருக்கிறது என்று பாருங்கள். கம்ப்ரஸருக்குக் கீழே இருந்தால் தூக்கி முதல் இடத்தில் வையுங்கள். பெரிய அடியை அமுக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கிக் கொடுப்பதுதான் கம்ப்ரஸரின் வேலை. அதற்குப் பிறகு ஸ்நேர் எது, மைக்கில் கசிந்த ஹை-ஹாட் எது என்று டிரிகருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம், த்ரெஷோல்டோடு மட்டும் மல்லுக்கட்டாதீர்கள். அடியைக் கண்டுபிடிப்பதற்கென்றே பல பிளக்இன்களில் தனி ஃபில்டர் உண்டு. ஸ்நேரின் கனம் 200 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது, ஹை-ஹாட் கசிவு அதற்கு வெகு மேலே. அதனால் மேல்பகுதியைத் தாராளமாக வெட்டுங்கள், கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) தொந்தரவு செய்தால் கீழ்ப்பகுதியிலும் கொஞ்சம். ஃபில்டர் வழியாகக் கேட்கும்போது போர்வைக்குள் அடித்த மாதிரி இருக்கும், பரவாயில்லை, அது டிரிகரின் காதுக்கு மட்டும்தான். இதைச் செய்தபிறகு த்ரெஷோல்டை இறக்கிப் பாருங்கள், தொலைந்த அடிகளில் பாதி திரும்பிவிடும்.

இரட்டை ஒலிக்குக் காரணம் ரீடிரிகர் நேரம், அதாவது ஒரு அடியை எடுத்தபின் அடுத்ததை எடுக்கும் முன் டிரிகர் காத்திருக்கும் நேரம், குறைவாக இருப்பது. ஸ்நேர் அடித்த பிறகும் அதிர்ந்துகொண்டிருக்கும், அந்த வாலையே இன்னொரு அடியாக எடுத்துக்கொள்கிறது. பயந்துபோய் 100 மில்லிசெகண்ட் வைத்துவிடாதீர்கள்; 200 பிபிஎம் (நிமிடத்துக்கு 200 பீட்) பாட்டில் பதினாறாம் நோட்டுகளுக்கு (ஒரு பீட்டுக்கு நான்கு) நடுவே 75 மில்லிசெகண்ட்தான், ரோல் (வேகமான தொடர் அடி) மொத்தமும் விழுங்கப்படும். 50-இல் ஆரம்பியுங்கள். ஃபிளாம் (ஏறக்குறைய ஒன்றாக விழும் இரண்டு அடி) அதிலும் சிக்கும், அதற்கு மிடியாக (ஒலியாக இல்லாமல் எந்த நோட், எப்போது என்ற குறிப்பாக) மாற்றிக் கையால் திருத்துவதுதான் ஒரே நிம்மதி. மிடியில் ஸ்நேருக்குப் பதில் வேறு ஏதாவது ஒலித்தால் பதறவேண்டாம், நோட் எண்ணைப் பாருங்கள்: ஜெனரல் மிடி என்ற பொது வரிசையில் ஸ்நேர் 38, கிக் 36.

சரி, மெலிந்த சத்தம். அது ஃபேஸ் பிரச்சினை, அதாவது இரண்டு ஒலியின் அலைகளும் ஒத்துப்போகவில்லை. டிரிகர் ஒலியைத் தனி டிராக்கில் பதிவுசெய்து, அசலுக்குக் கீழே வைத்து, ஒரே ஒரு அடியைத் திரை முழுக்கப் பெரிதாக்குங்கள். ஒன்று மேலே எழும்போது மற்றது கீழே இறங்கினால் போலாரிட்டி பொத்தானை (அலையைத் தலைகீழாக்குவது) தட்டினால் போதும். தள்ளி நின்றால் நகர்த்துங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மில்லிசெகண்ட் என்பது 48 சாம்பிள். வெறும் இரண்டரை மில்லிசெகண்ட் தள்ளினாலே 200 ஹெர்ட்ஸில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், உங்கள் ஸ்நேரின் கனம் போனது அங்கேதான்.

இவ்வளவுக்குப் பிறகும் சில கோஸ்ட் நோட்டுகள் (மிக மெதுவான அடிகள்) டிரிகருக்குள் வராவிட்டால் நான் விட்டுவிடுவேன். அசல் டிராக்கில் அவை இருக்கத்தானே செய்கின்றன? எல்லா அடிக்கும் சாம்பிள் போட்டால் டிரம்ஸ் தையல் மிஷின் மாதிரி கேட்கும்.